கொடுக்கும் கையும் முதற்பட்டதாரியும்: தற்காலத் தமிழ் எழுத்தில் ஒரு நோக்கு

'முதல் பட்டதாரி' என்னும் தொடர் இன்று தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் வழங்குகிறது. இஃது இலக்கியம் தந்த சொல்லன்று. அரசு அலுவலகம் தந்த சொல். தொழிற்கல்விக்கு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வின் வழியே சேரும் மாணவருள், தம் குடும்பத்தில் தமக்கு முன் பட்டம் பெற்றவர் எவரும் இலர் என்று மெய்ப்பிப்பவர்க்குப் பயிற்றுக் கட்டணத்தைத் தானே ஏற்பதாக அரசு 2010-11ஆம் கல்வியாண்டில் அறிவித்தபோது இத்தொடர் ஊர்தோறும் பரவிற்று. பாட்டன், பாட்டி, தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகிய எவரும் பட்டம் பெறவில்லை என்று வருவாய்த்துறை எழுதித் தரவேண்டும். ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே அச்சலுகை. இல்லாமையையே சான்றாகக் காட்டி உரிமை பெறும் இவ்வேற்பாட்டினால் நன்மையடைந்த பிள்ளைகள் பலர்.

அலுவலகம் இச்சொல்லைக் கண்டுபிடிப்பதற்கு நெடுநாள் முன்பே தமிழ் எழுத்து அம்மனிதனைக் கண்டுகொண்டது. தகரப்பெட்டியுடன் நகரத்துப் பேருந்து நிலையத்தில் இறங்குபவன். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்தை நினைத்தே பாதி வயிறு உண்பவன். ஆங்கிலத்தில் பெயர் கேட்டால் நா உலர்பவன். ஊருக்குத் திரும்பினால் தன் வீட்டுப் பேச்சே சற்று அயலாகத் தோன்றக் கண்டு திடுக்கிடுபவன். வெளிமாநிலங்களில் வாழும் நம்முள் பலர் இவனை நன்கறிவோம். தந்தை வடிவிலோ தமையன் வடிவிலோ இவன் நம் வீடுகளில் இருந்திருக்கிறான். பட்டம் பெற்ற முதல் மனிதன் கையில் எடுத்த இரயில் சீட்டே நம் குடும்பங்கள் பலவற்றிற்குக் குடிபெயர்ச்சியின் தொடக்கம்.

இம்மனிதனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் சிலவற்றை இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வினாவை எழுப்ப விழைகிறோம். இவனுக்கு உதவி கிடைத்ததா என்பதன்று அவ்வினா. பெரும்பாலும் ஏதோ ஓர் உதவி கிடைத்தே இருக்கிறது; கிடைத்திராவிடின் அவன் கதை எழுதப்பட்டிராது. உதவி எவ்வாறு கொடுக்கப்பட்டது, பெற்றவனை அது நிமிர்த்திற்றா குனியவைத்ததா என்பதே வினா. நம் சிறந்த எழுத்துக்கள் இவ்வொன்றையே அளவுகோலாகக் கொண்டு கொடுப்பவரை மதிப்பிடுகின்றன என்பது நம் கருத்து.

பழைய நெறி

கல்விக்கும் கொடைக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே சிந்தித்திருக்கிறது. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பெயரில் வழங்கும் புறநானூற்றின் 183ஆம் பாடல் நாமனைவரும் பள்ளியில் கற்றது. ஆசிரியர்க்கு இடர் வந்துழி உதவியும், பெரும்பொருள் கொடுத்தும், பணிந்து நிற்க வெறுக்காமலும் கற்றல் நன்று என்கிறான் அரசன். ஒரே வயிற்றில் பிறந்த மக்களுள்ளும் கற்ற மகன் பக்கமே தாயின் மனம் சாயும் என்பதும், கீழென வைக்கப்பட்டவன் கற்பின் மேலென வைக்கப்பட்டவனும் அவன்வழி நடப்பான் என்பதும் அவன் கூறும் காரணங்கள். இங்கே கொடுப்பவன் மாணவன்; பெறுபவர் ஆசிரியர். கொடுக்க ஒன்றும் இல்லாதவன் எங்ஙனம் கற்பான் என்னும் வினா அரசனுக்கு எழவில்லை. அவன் சுட்டிய தாயைப் பின்னர் வேறொரு கோலத்தில் சந்திப்போம்.

உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940ஆம் ஆண்டு முதல் 1942 வரை தொடராக வந்தது. கல்விக்கு ஊர்கள் சோறிட்ட வரலாறு அது. மகன் தமிழ் கற்கவேண்டும் என்பதற்காகத் தந்தை ஊர் ஊராகக் குடிமாறுகிறார். ஆங்காங்கே உள்ளோர் நெல்லும் உறையுளும் தருகின்றனர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் திருவாவடுதுறை மடத்திலும் அப்பயணம் நிறைவெய்துகிறது. கல்லூரி வாயிலை மாணவராக மிதித்தறியாத அவர், தியாகராச செட்டியாரின் பரிவால் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகவே நுழைகிறார். நெஞ்சை நிறைக்கும் நூல் இது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. செல்லுமிடமெல்லாம் அவரை உள்ளே அழைத்து இலையிட ஒரு வீடு இருந்தது. வீட்டுத் திண்ணையில் கூட ஏற இயலாத பிள்ளை அதே காவிரிக்கரையில் அதே நாளில் வாழ்ந்தான். அவனுக்கு அவ்வூர்கள் சோறிடவில்லை. அவன் தன் வரலாற்றைத் தானே எழுதத் தமிழ் உரைநடை இன்னும் நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

உறவின் கை

முதற்பட்டதாரிக்கு முதலில் நீளும் கை உறவினருடையது. நாஞ்சில் நாடனின் முதல் நாவலான 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வெளிவந்தது. அதன் நாயகன் சிவதாணு பட்டம் பெற்றவன், வறிய வீட்டுப் பிள்ளை, வேலையற்றவன். செல்வர் வீட்டுப் பெண்ணை மணப்பது அவன் முன் வைக்கப்படும் வழி. திருமணம் இங்கே ஓர் உதவித்தொகைபோல் வருகிறது. படித்த மாப்பிள்ளை என்பதால் பட்டத்திற்கு ஒரு விலை. ஏழை மாப்பிள்ளை என்பதால் அவ்விலையில் ஒரு கழிவு. மாமனார் வீட்டில் அவன் விழுங்கும் ஒவ்வொரு கவளமும் அவனுக்கு நினைவூட்டப்படுகிறது. கொடுத்தவரைக் கொடியவராகத் தீட்டிவிட்டு ஆசிரியர் தப்பித்துக்கொள்ளவில்லை என்பதே இந்நாவலின் சிறப்பு. பட்டம் கையிலிருந்தும் தன்மானத்தைக் காக்க இயலாத ஒருவன், தன்மானம் ஒன்றே மிஞ்சியபோது அதனை எவ்வளவு கூர்மையாக, சில சமயம் எவ்வளவு முரட்டுத்தனமாகப் பற்றிக்கொள்கிறான் என்பதை அவர் ஒளிக்காமல் காட்டுகிறார்.

1986இல் வந்த அவருடைய 'மிதவை' நம்மைப் போன்றோர்க்கு இன்னும் நெருக்கமானது. நாஞ்சில் நாட்டில் பட்டம் பெற்ற சண்முகம், ஊரில் வேலை இல்லாமையால் பம்பாய்க்கு வந்து சேர்கிறான். கணிதத்தில் முதுகலைப் பட்டத்துடன் 1972இல் பம்பாய்க்குப் பிழைக்கச் சென்ற ஆசிரியரின் பட்டறிவு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஊரார் கண்ணில் அவன் கரையேறிவிட்டவன். பம்பாயிலோ அவன் நீரில் தளும்பும் ஒரு மிதவை. வேரும் இல்லை, நங்கூரமும் இல்லை. பட்டம் என்பது கரையன்று, அடுத்த ஆற்றிற்கான ஓடமே என்பதை இந்நாவல் உரக்கக் கூறாமலே உணர்த்துகிறது. தில்லியில் வாழ்ந்த ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்' (1980) நாவலை இதனருகில் வைத்துப் பார்த்தல் பயன்தரும். ராமசேஷனும் கல்லூரி இளைஞனே. தான் யார் என்பதே அவன் ஓயாத கவலை. தான் யார் என்று வியந்து நிற்கும் ஓய்வு சண்முகத்திற்கு வாய்க்கவில்லை. மாத இறுதியில் ஊருக்கு என்ன அனுப்புவது என்பது அவன் கவலை. தமிழில் கல்லூரி நாவல் என்று ஒன்றிருப்பின் அஃது இவ்விரண்டு கவலைகளுக்கும் இடையே பிளந்து கிடக்கிறது.

உறவின் கை பெரும்பாலும் கணக்கு வைத்துக்கொண்டே கொடுக்கிறது. அதனை எளிதில் பழித்துவிடலாகாது. இந்தி எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாறான 'ஜூட்டன்' (1997) நூலில், சிறுவனின் படிப்பு பணமின்றி நின்றுபோகும் வேளையில், அவன் அண்ணி தன்னிடமிருந்த வெள்ளிக் கொலுசைக் கழற்றித் தருகிறாள். வீட்டிலிருந்த ஒரே நகை அது. அதனைக் கழற்றித் தருபவள் கணக்கு வைத்திருந்தால்தான் என்ன? தமிழ் வீடுகளில் அடகுக்கடை ஏறிய தோடுகளும் தாலிக்கொடிகளும் எத்தனை! அவற்றை மீட்டுத் தரும் கடன் முதற்பட்டதாரியின் முதல் சம்பளத்தின் தலையில் ஏறிக்கொள்கிறது. வறியவர் வைக்கும் கணக்கில் குற்றமில்லை. இருப்பது சிறிதாகையால் அதனை எண்ணித்தான் கொடுக்கமுடியும். நிறைய வைத்திருப்பவர் எண்ணிக் கொடுத்தல்தான் ஆராயத்தக்கது.

நிறுவனத்தின் கை

நிறைய வைத்திருப்பது நிறுவனம். அதன் கை எப்படிக் கொடுக்கிறது என்பதை மிகத் தெளிவாக எழுதியவர் பாமா. 1992இல் வெளிவந்த 'கருக்கு' அவருடைய தன்வரலாறு. படித்து முன்னேறினால் இவ்விழிவுகளைத் தூக்கி எறியலாம் என்று தமையன் கூறிய சொல்லைப் பற்றிக்கொண்டு படித்த ஒரு பெண்ணின் வரலாறு. வகுப்பில் முதலாவதாக வருவது அவருக்கு மதிப்பெண் கணக்கன்று. ஊர் நடுவே நிமிர்ந்து நடப்பதற்கான ஒரே சாதனம்.

அந்நூலின் கல்லூரிப் பகுதியிலிருந்து மூன்று செய்திகளை நினைவுகூர்வோம். வகுப்பில் ஆசிரியை ஒருவர், அரசு ஏற்பாட்டில் தனிப் பயிற்சி அளிப்பதற்காகத் தாழ்த்தப்பட்ட மாணவியர் எழுந்து நிற்குமாறு கூறுகிறார். எழுந்து நிற்கும் அக்கணத்தில் மற்றவர் பார்வை மாறுகிறது. அப்பயிற்சியே தமக்கு வேண்டாம் என்று பாமா மறுத்துவிடுகிறார். தம்பி தங்கையரின் முதல் நற்கருணை விழாவிற்கு ஊர் செல்ல விடுப்புக் கேட்கும்போது, உங்கள் சாதியில் அதற்கென்ன கொண்டாட்டம் என்ற தொனியில் மறுப்பு வருகிறது. வாதாடித்தான் அவர் விடுப்புப் பெறுகிறார். கல்லூரி விருந்து நாளில் உடுக்க நல்ல சேலை இல்லாமையால் விருந்து முடியும்வரை குளியலறையில் ஒளிந்திருக்கிறார்.

இம்மூன்றையும் இணைத்துப் படிக்கவேண்டும். முதலாவதில் உதவி இருக்கிறது. அது நல்லெண்ணத்துடனேயே வந்திருக்கலாம். ஆயினும் எழுந்து நின்றால்தான் கிடைக்கும் உதவி, நிற்பவளை அடையாளப்படுத்திவிட்டே கைக்கு வருகிறது. மூன்றாவதில் உதவி வேண்டியிருந்தது. ஆனால் ஒரு சேலையின் தேவையைக் கண்டுகொள்ளும் கண் அங்கே எவருக்கும் இல்லை. கேட்காதபோது எழுப்பி நிறுத்துவதும், வேண்டும்போது காணாதிருப்பதும் ஒரே நிறுவனத்தின் இரு குணங்கள். பாமா இதனை ஆய்வுரையாக விரித்துரைப்பதில்லை. தம் ஊர்ப் பேச்சுமொழியில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறார். இலக்கணம் கற்றோர் சிலர் அன்று அம்மொழியைக் கண்டு முகம் சுளித்தது வியப்பன்று. கல்லூரி தந்த மொழியைப் பெற்றுக்கொண்டும், தன் கதையைச் சொல்லும்போது அதனை ஒதுக்கிவைத்துத் தாய்வீட்டு மொழிக்குத் திரும்பிய அச்செயலே இந்நூலின் ஆழ்ந்த அறிவு. முதற்பட்டதாரி இழந்ததாகக் கருதப்பட்ட மொழி இழக்கப்படவில்லை என்பதற்கு அது சான்று.

பாமாவின் தமையனாரும் திறனாய்வாளருமான ராஜ் கௌதமன் (மறைவு 2024) எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்தது. இதே மண், இதே காலம்; ஆயினும் சுவை முற்றிலும் வேறு. பாமா கனன்று எழுதும் இடத்தில் இவர் நகைத்து எழுதுகிறார். விடுதிகளும் பாதிரிமாரும் தேர்வுகளும் எள்ளலோடு வருகின்றன. தன்னையே நகைக்கும் அத்துணிவு தமிழ்த் தன்வரலாற்று எழுத்தில் அரியது. ஆனால் நகைப்பின் அடியில் ஒரு கொடிய செய்தி கிடக்கிறது. பட்டங்கள் இருந்தும் சிலுவைக்கு வேலை இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவராயிருப்போர் பட்டியல் சாதியினராகக் கருதப்படார். தெருவில் அவன் சாதி மாறவில்லை. தாளில் மட்டும் மாறிவிட்டது. சான்றிதழுக்காகச் சமயத்தையே மாற்றிக்கொள்ளும் நிலைக்கு அவன் வந்து நிற்பதை ஆசிரியர் அழுகையின்றி எழுதியிருப்பது, அழுது எழுதியிருந்தால் உண்டாகும் விளைவினும் பெரிது.

நிறுவனத்தின் கை அளிப்பது ஓரிடத்தில், தேவை எழுவது வேறோரிடத்தில் என்பதற்கு இந்திய வரலாறே பெருஞ்சான்று தருகிறது. பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார் அம்பேத்கர். அவ்வுதவிக்கு ஈடாக 1917இல் பரோடாவில் பணியேற்க வந்தபோது, அந்நகரில் அவர் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கியிருந்த அவரைப் பதினோராம் நாள் தடிகளுடன் வந்தோர் வெளியேற்றினர். கடல்கடந்து அனுப்பிய அரசால் தன் தலைநகரில் ஒரு கூரை தர இயலவில்லை. உதவித்தொகை மட்டுமே உதவி ஆகிவிடாது என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டுமோ?

முகம் பாராத கை

இவற்றிற்கெல்லாம் மறுதலையாக நிற்பது ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு'. 2011இல் வந்த 'அறம்' தொகுதியில் உள்ள கதை. குமரி மாவட்டத்து ஏழைக் குடும்பத்து மாணவன் திருவனந்தபுரத்தில் கல்லூரியில் சேர்கிறான். முதலில் மாமன் வீட்டில் தங்குகிறான். அங்கே அவன் உண்ணும் சோற்றை மாமியின் கண் அளக்கிறது. பிறகு சாலைத் தெருவில் கெத்தேல் சாகிபின் உணவுக்கடையைக் கண்டடைகிறான். அங்கே எவரிடமும் பணம் கேட்கும் வழக்கமில்லை. ஒரு பெட்டி இருக்கிறது. இருப்பவர் இயன்றதை இடலாம், இல்லாதவர் இடாமலே போகலாம். பெட்டியில் யார் என்ன இட்டார் என்று சாகிப் பார்ப்பதே இல்லை. இலையில் சோறும் மீனும் மட்டும் அதட்டலோடு வந்து விழுகின்றன. பல்லாண்டுகள் அங்கே உண்டு படித்தவன் விரிவுரையாளனாகிறான். சீட்டுப் பணம் பெருந்தொகையாகக் கைக்கு வந்ததும் முழுவதையும் அப்பெட்டியில் கொண்டுபோய்ப் போடுகிறான். சாகிப் அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று பரிமாறியபடியே இன்றும் பரிமாறுகிறார். அவன் முகம் அவருக்கு நினைவிருக்கிறதா என்பதே தெரியவில்லை.

உதவியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட கதைகளுள் இதற்குத் தனியிடம் உண்டு. இரக்கம் என்ற ஒன்றே சாகிபிடம் வெளிப்படவில்லை. ஆறுதல் மொழியும் இல்லை, அறிவுரையும் இல்லை, நன்றியை ஏற்றுக்கொள்ளும் புன்னகையும் இல்லை. அவர் முகம் பாராமல் கொடுக்கிறார். ஆகவே பெறுபவன் முகம் கவிழவேண்டியதில்லை. பாமாவை எழுந்து நிற்கச் சொன்ன வகுப்பறைக்கும் இவ்வுணவுக்கடைக்கும் உள்ள தொலைவே நாம் கூறவந்த பொருள்.

கதையின் இறுதித் திருப்பமும் எண்ணத்தக்கது. கணவனை இழந்து வறுமையில் வீழ்ந்த அதே மாமியின் மகளையே அவன் மணக்க முடிவுசெய்கிறான். சாகிபின் சோற்றை உண்டவனுக்கே மாமியின் சோற்றையும் நன்றியோடு நினைக்கும் வலிமை வருகிறது. அவள் அளந்தது கொடுமையினால் மட்டுமன்று, இல்லாமையினாலும்தான் என்பது அவனுக்கு விளங்குகிறது.

எனினும் இக்கதையின்மீது நமக்கு ஒரு குறையுண்டு. கொடுப்பவரின் உருவம் மலைபோல் உயர்ந்துவிடுவதால், பெறுபவனின் படிப்பு நிழலில் மறைந்துவிடுகிறது. அவன் வகுப்பறையில் என்ன பாடுபட்டான், எந்த நூல் அவனுக்குப் புரியவில்லை, யாரிடம் கேட்க நாணினான் என்பன நமக்குச் சொல்லப்படவில்லை. பசி தீர்ந்தால் படிப்பு தானே வந்துவிடும் என்று கதை எடுத்துக்கொள்கிறது. பசி முதல் தடை என்பதில் ஐயமில்லை. ஆயின் கடைசித் தடை அதுவன்று.

வென்ற பின்

கடைசித் தடை எது என்பதை அதே தொகுதியிலுள்ள 'நூறு நாற்காலிகள்' காட்டுகிறது. மனிதர் கண்ணிலேயே படக்கூடாது என்று விலக்கப்பட்ட நாயாடிச் சமூகத்தில் பிறந்த சிறுவன், ஓர் ஆசிரமத்துத் துறவியால் எடுத்து வளர்க்கப்பட்டு, படித்து, இந்திய ஆட்சிப்பணி அதிகாரியாகிறான். நாம் வழக்கமாக வெற்றிக் கதை என்று கைதட்டி முடிக்கும் இடத்தில் இக்கதை தொடங்குகிறது. அலுவலகத்தில் அவனுக்கு ஒதுக்கப்படும் நாற்காலி, கீழ் நிலையில் உள்ளோர் நாற்காலியினும் இழிந்தது. தேர்வு அவனை உள்ளே கொண்டுவந்தது, உட்கார விடவில்லை.

அவன் தாயோ தெருவில் இரந்து திரிபவள். மகன் சட்டையணிந்து நாற்காலியில் அமர்ந்திருப்பதைக் கண்டு அவள் மகிழவில்லை; அஞ்சுகிறாள். கழற்றிவிடு, இறங்கிவிடு, கொன்றுவிடுவார்கள் என்று மன்றாடுகிறாள். கற்ற மகன் பக்கமே தாயின் மனம் சாயும் என்று நெடுஞ்செழியன் பெயரிலான பாடல் சொன்னதை இங்கே நினைவுகூர்க. இத்தாயின் மனமும் அவன் பக்கமே சாய்கிறது. ஆனால் அச்சாய்வு அவனைக் கல்வியினின்று பின்னிழுக்கும் அச்சமாக வெளிப்படுகிறது. நூற்றாண்டுகளாக அடிபட்ட உடல் அவளுக்குக் கற்பித்த பாடம் அது. சிறு அளவில் இதே அச்சத்தை எத்தனை முதற்பட்டதாரிகள் தம் வீடுகளில் கண்டிருக்கிறார்கள்! மேற்படிப்பு வேண்டாம், கிடைத்த வேலையில் ஒட்டிக்கொள் என்று கூறும் தந்தையின் குரலை அறியாமை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். அஃது அறியாமையன்று, மகனைக் காக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி.

இக்கதையில் ஒரு நாற்காலி போதாது, நூறு வேண்டும் என்ற எண்ணத்திற்கு மகன் வந்து சேர்வது கலைநோக்கிலும் பொருத்தமே. முதல்வன் ஒருவன் தனியே அமர்ந்திருக்கும்வரை அவன் காட்சிப்பொருளே. அடுத்தடுத்து வருவோர் அமரும்போதே அது நாற்காலியாகிறது.

இன்னும் எழுதப்படாதவை

இவ்வளவு எழுதப்பட்டும் எழுதப்படாதன பல உள. ஒன்று, வகுப்பறை. தமிழ்வழியில் பன்னிரண்டாண்டு படித்து முதல் மதிப்பெண் பெற்றவன், கல்லூரியின் முதல் வாரத்தில் இயற்பியலை ஆங்கிலத்தில் கேட்டுத் தான் அறிவிலி என்று முடிவுசெய்துகொள்ளும் அவலத்தை முழுமையாக எழுதிய நாவல் நம் பார்வைக்கு வரவில்லை. அறிந்த பொருளே அறியாத மொழியில் வந்து அச்சுறுத்தும் அனுபவம் அது.

இரண்டு, பின்தங்கிவிட்டோர். முதற்பட்டதாரி படிக்கவேண்டும் என்பதற்காகப் பள்ளியை விட்ட அக்காள், ஆடு மேய்த்த தம்பி, தீப்பெட்டி ஒட்டிய தங்கை ஆகியோர் கதையின் ஓரத்தில் ஒரு வரியாக மட்டும் வந்து போகின்றனர். பட்டம் பெற்றவன் தன் வரலாற்றை எழுதுகிறான். பட்டத்திற்கு விலை கொடுத்தவர்க்கு எழுதத் தெரியாது. இக்குறையை ஓரளவு நிறைவுசெய்தது 'சாதியும் நானும்' (2013) என்னும் தொகுப்பு. நாமக்கல்லில் அரசுக் கல்லூரி ஆசிரியராயிருந்த பெருமாள்முருகன், தம்மிடம் பயின்றோரையும் தம்மைச் சூழ்ந்த இளையோரையும் எழுதச் செய்து பதிப்பித்தார். அவர்களுள் பலர் கைதேர்ந்த எழுத்தாளர் அல்லர். நடை ஆங்காங்கே தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே அந்நூலுக்கு நம்பகம் தருகிறது. மாணவனுக்கு ஓர் ஆசிரியர் செய்யக்கூடிய உதவிகளுள் இது தலையாயது. அவனைப் பற்றி எழுதாமல், அவனையே எழுதவைத்தார். 2018இல் அம்பை என்னும் சி.எஸ். லட்சுமி அதனை ஆங்கிலத்தில் தந்தார்.

மூன்றாவது, நம் வீட்டுக் கதை. தாராவியில் வளர்ந்து மும்பைக் கல்லூரிக்குச் சென்ற முதல் பெண், பெங்களூரின் கட்டடத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து பட்டப்படிப்பிற்குச் சென்ற முதல் இளைஞன் ஆகியோரைத் தமிழ் எழுத்து இன்னும் உரிய அளவில் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியோ கன்னடமோ, வகுப்பில் ஆங்கிலம் என்று மும்மடங்கு சுமை இவர்களுக்கு. தமிழ்நாட்டு அரசு தரும் முதல் பட்டதாரிச் சலுகை இவர்களை எட்டாது. அது தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் சேர்வோர்க்கு உரியது. தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் (2022), தமிழ்ப்புதல்வன் (2024) ஆகிய திட்டங்களும் அத்தகையனவே. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்வோர்க்கு மாதம் 1,000 ரூபாயை நேரே வங்கிக் கணக்கில் சேர்க்கும் அத்திட்டங்களில் நாம் கற்கவேண்டிய ஒன்றுண்டு. அங்கே மேடை இல்லை. எழுந்து நிற்றலும் இல்லை.

நம் கைகள்

இனி நம்மைப் பற்றியும் சில கூறியாக வேண்டும். இலக்கியத்தை மதிப்பிடும் அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்காவிடின் திறனாய்வு வெறும் சொல்லாடலாகிவிடும்.

வெளிமாநிலத் தமிழர்க்குக் கல்விக்கொடையில் நல்ல மரபு உண்டு. தலைநகரில் இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் 1923. மும்பையின் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. அன்று எழுத்தர்களாகவும் தட்டெழுத்தர்களாகவும் வடக்கே வந்தோர் தம் சிறு வருவாயிலிருந்து தொடங்கிவைத்த பணிகள் இவை. அவர்கள் கட்டியது பள்ளி. பள்ளியில் நுழையும் எந்தப் பிள்ளையும் எவர்க்கும் கைகூப்ப வேண்டியதில்லை. கெத்தேல் சாகிபின் பெட்டிக்கும் இதற்கும் உறவுண்டு.

இன்று நம் ஆண்டுவிழாக்களில் நிகழ்வது என்ன? உதவித்தொகை பெறும் மாணவர் பெயர் ஒலிபெருக்கியில் அழைக்கப்படுகிறது. தந்தையின் தொழில் அறிவிக்கப்படுகிறது. மாணவர் மேடையேறி, வணங்கி, காசோலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்திற்கு நிற்கிறார். மறுமுனையைக் கொடையாளர் பிடித்திருக்கிறார். நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆயினும் 'கருக்கு' படித்த பின் அக்காட்சியை முன்போலக் காண நம்மால் இயலவில்லை. கீழே அமர்ந்திருக்கும் கூட்டத்தில் அம்மாணவியின் வகுப்புத் தோழி இருக்கிறாள் என்பதை நாம் எண்ணியதுண்டா?

முதற்பட்டதாரிக்கு வேண்டுவன பல. அவற்றுள் பணம் ஒன்று. விண்ணப்பப் படிவத்தை உடனமர்ந்து நிரப்பித் தரும் ஒருவர் வேண்டும். எந்தச் சான்று எவ்வலுவலகத்தில் கிடைக்கும், எந்த நாளுக்குள் கேட்கவேண்டும் என்று அறிந்தவர் அவர். முதற்பருவத் தேர்வில் தோற்றவனிடம், தோற்பது புதிதன்று என்று கூறத்தக்க மூத்த மாணவர் வேண்டும். வாரம் இருமுறை ஆங்கிலத்தில் பிழையாகப் பேசிப் பழகவும், பிழைக்கு எவரும் சிரியாதிருக்கவும் ஓர் அறை வேண்டும். ஞாயிறுதோறும் எல்லார்க்கும் திறந்த ஒரு பந்தி வேண்டும். அதில் எவர் வறியர், எவர் செல்வர் என்று தெரியலாகாது. இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை. தமிழ்ச் சங்கங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அலுவலர்களும் பொறியாளர்களும் இருக்கின்றனர். மாலை வேளையில் பூட்டிக்கிடக்கும் அறைகளும் இருக்கின்றன.

தமிழ் எழுத்து நம்முன் இரு கைகளைக் காட்டியிருக்கிறது. ஒன்று, எழுந்து நில், தருகிறேன் என்கிறது. மற்றது, உட்கார், உண் என்கிறது. முதற்கையிலிருந்து பெற்றவர்கள் நூல் எழுதித் தம் காயத்தை ஆற்றிக்கொண்டனர். இரண்டாம் கையிலிருந்து பெற்றவன் அடுத்தவனுக்கு இலை போடுகிறான். நம் சங்கங்களின் உதவித்தொகைக் குழுக்கள் அடுத்த ஆண்டுக்கான பட்டியலை எடுக்கும்போது, மேடையை ஒழித்துவிட்டுத் தொகையை நேரே வங்கிக்கு அனுப்பட்டும். அம்மாலைப் பொழுதை மாணவரோடு உடனமர்ந்து உண்பதில் செலவிடட்டும்.